மழை வந்தா சாப்பாட்டுப் பொட்டலம்... வடிஞ்ச பிறகு? புறநகர் தன்னார்வலர்களின் உழைப்பு எங்கே பலன் தருது, எங்கே வீணாகுது?

வடகிழக்குப் பருவமழை தீவிரமாகும் ஒவ்வொரு ஆண்டும் சென்னை புறநகரில் ஒரே காட்சிதான். முடிச்சூர், வரதராஜபுரம், பள்ளிக்கரணை, பெரும்பாக்கம்னு பெயர்கள் செய்தியில் ஓட ஆரம்பிக்கும். அடுத்த சில மணி நேரத்தில் வாட்ஸ்அப் குழுக்கள் முளைக்கும். யாரோ அரிசி மூட்டை வாங்குவார்கள், யாரோ வேன் கொண்டு வருவார்கள், கல்லூரி மாணவர்கள் முழங்கால் தண்ணீரில் பால் பாக்கெட்டோடு நடப்பார்கள்.

இந்த உதவும் மனசு உண்மையானது. அரசு வண்டி வருவதற்கு முன்னாடி பல தெருக்களுக்குப் போய்ச் சேர்ந்தது இவர்கள்தான். ஆனா அதே தெரு அடுத்த மழையிலும் மூழ்குது, அதே வீட்டுக்கு அதே பொட்டலம் போகுதுன்னா, இந்த உழைப்பில் எது நிலைக்குது, எது கரைஞ்சு போகுது? பார்க்கலாம்.

புறநகருக்கு மட்டும் ஏன் தன்னார்வலர்கள் இவ்வளவு தேவைப்படுறாங்க?

மழை அளவு ஒரு காரணம். 2015 டிசம்பர் 1, 2 தேதிகளில் 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் பதிவான மழை சுமார் 49 செ.மீ. அடையாறு கரை புரண்டது. முடிச்சூரும் வரதராஜபுரமும் தனித்தீவுகள் ஆயின. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோதும் இதே பகுதிகளில் தண்ணீர் புகுந்தது.

மழையைவிடப் பெரிய சிக்கல், 'இது யார் பொறுப்பு?' என்ற கேள்வி. 2021 நவம்பரில் தாம்பரம் மாநகராட்சி உருவானது. தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் ஆகிய 5 நகராட்சிகளும், சிட்லபாக்கம், மாடம்பாக்கம், பெருங்களத்தூர், பீர்க்கன்காரணை, திருநீர்மலை ஆகிய 5 பேரூராட்சிகளும் அதில் இணைந்தன. மொத்தம் 70 வார்டுகள்.

ஆனா அந்த இணைப்பில் பக்கத்திலேயே இருக்கும் முடிச்சூர் சேரவில்லை. அது செங்கல்பட்டு மாவட்டத்தின் ஊராட்சியாகத் தொடர்ந்தது. அதை ஒட்டிய வரதராஜபுரம் காஞ்சிபுரம் மாவட்டத்தின் ஊராட்சி. தண்ணீருக்கு இந்த எல்லையெல்லாம் தெரியாது. ஒரே வெள்ளம் ஒரு மாநகராட்சி, இரண்டு ஊராட்சி, இரண்டு மாவட்டம் என்று பரவும். ஆற்றையும் ஏரியையும் கவனிப்பது நீர்வளத்துறை, தெருவோர வடிகால் உள்ளாட்சி, பெரிய சாலை நெடுஞ்சாலைத்துறை. புகார் சொல்லப் போறவங்க 'அது எங்க ஏரியா இல்லை' என்ற பதிலோடு திரும்புறாங்க. அந்த இடைவெளியில்தான் தன்னார்வலர்கள் வந்து நிற்கிறாங்க.

உதவி எங்கே தடுமாறுது?

முதல் சிக்கல், மெயின் ரோடு. நிவாரணப் பொருளோடு வரும் வண்டி தண்ணீர் இல்லாத இடம் வரைக்கும்தான் வரும். அங்கே கூட்டம் சேரும், பத்து நிமிஷத்தில் வண்டி காலி. ஓடி வர முடிந்தவருக்கு மூணு பொட்டலம். உள் தெருவில் மாடியில் இருக்கும் முதியவருக்கு ஒண்ணும் இல்லை. பெரும்பாக்கம் மாதிரி அடுக்குமாடி மறுகுடியமர்வு குடியிருப்புகளில் மின்சாரம் போனால் லிஃப்டும் நின்றுவிடும். ஏழாவது மாடியில் இருக்கும் நோயாளிக்கு கீழே வண்டி வந்ததே தெரியாது.

இரண்டாவது, ஒரே பொருள் குவிவது. பிஸ்கட்டும் பிரெட்டும் தேவைக்கு மேல் வரும். நாப்கின், முதியோருக்கான டயப்பர், குழந்தைகளின் பால் பவுடர், கொசுவர்த்தி இதெல்லாம் கிடைக்காது. பழைய துணி இன்னொரு தலைவலி. 2004 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினம் பக்கம் உடுத்த முடியாத பழைய துணிகள் சாலையோரம் மலையாகக் கிடந்தது பலருக்கு நினைவிருக்கும். கிழிஞ்ச துணியைக் கொடுப்பது தானம் இல்லை, நம்ம வீட்டுக் குப்பையை இன்னொருத்தர் தெருவில் கொட்டுவதுதான்.

மூன்றாவது, நேரம். முதல் இரண்டு நாள் எல்லோரும் வருவாங்க. தண்ணீர் வடிஞ்சதும் கேமராவும் போயிடும், வேன்களும் போயிடும். உண்மையான செலவு அப்போதான் ஆரம்பிக்கும். சேறு அள்ளணும், ஊறிப்போன மெத்தையைத் தூக்கிப் போடணும், அடுப்பு, பிரிட்ஜ், பைக் எல்லாத்தையும் சரி பண்ணணும். பசங்களோட புத்தகம், ரேஷன் கார்டு, வீட்டுப் பத்திரம், மதிப்பெண் சான்றிதழ் நனைஞ்சு போயிருக்கும். 2015-ல் ஆவணங்களை இழந்தவர்களுக்கு நகல் வழங்க அரசே சிறப்பு முகாம்கள் நடத்தியது. அந்த மாதிரி முகாமில் ஒரு படிவம் நிரப்பிக் கொடுக்கும் தன்னார்வலர், நூறு பொட்டலம் கொடுத்தவருக்குக் குறைஞ்சவர் இல்லை.

நான்காவது, விளம்பரம். 2015-ல் நிவாரணப் பொருட்கள் மீது ஸ்டிக்கர் ஒட்டப்பட்டதாக எழுந்த சர்ச்சை தமிழ்நாடு முழுக்கப் பேசப்பட்டது. இன்றைக்கு ஸ்டிக்கருக்குப் பதில் செல்ஃபி. வாங்குபவரின் முகத்தைக் காட்டாமலும் நன்கொடையாளருக்குக் கணக்குக் காட்ட முடியும். பில், வாங்கிய பொருள், போய்ச் சேர்ந்த தெருவின் பெயர் போதும்.

வாட்ஸ்அப் செய்தி: உயிரையும் காக்கும், பீதியையும் கிளப்பும்

புறநகரின் உள்ளூர்ச் செய்தி இன்றைக்குப் பெரும்பாலும் குடியிருப்போர் சங்கங்களின் வாட்ஸ்அப் குழுக்களில்தான் ஓடுது. சென்னை நகருக்குள் மாம்பலம் டைம்ஸ், அடையாறு டைம்ஸ் மாதிரி வட்டார இதழ்கள் தெருச் செய்தியைச் சொல்லிப் பழக்கின. புறநகரின் பல பகுதிகளில் அந்த இடத்தைப் பிடிச்சது செல்போன்தான்.

இதில் லாபமும் உண்டு, ஆபத்தும் உண்டு. 2015 வெள்ளத்தின்போது முதலைப் பண்ணையிலிருந்து முதலைகள் தப்பிவிட்டதாகத் தகவல் பரவியது. முதலைப் பண்ணை நிர்வாகமே அதை மறுக்க வேண்டியிருந்தது. 'ஏரி உடைஞ்சிடுச்சு' என்ற ஃபார்வர்டு ஒவ்வொரு பெருமழையிலும் தலைகாட்டும்.

இன்னொரு வகை பொய்யே இல்லை, ஆனா பழசு. 'இந்தத் தெருவில் கைக்குழந்தைக்குப் பால் வேண்டும்' என்ற செய்தி, பால் கிடைச்ச பிறகும் இரண்டு நாள் சுற்றும். பத்து பேர் அங்கே போவாங்க, பக்கத்துத் தெருவுக்கு ஒருத்தரும் போக மாட்டாங்க.

இதற்குத் தீர்வு சுலபம். உதவி கேட்டுப் போடும் செய்தியில் தேதி, நேரம், தெரு, அடையாள இடம் நான்கும் இருக்கணும். உதவி கிடைச்சதும் அதே குழுக்களில் 'முடிந்தது' என்று போடணும். சந்தேகமான தகவலுக்கு மாநில அவசர எண் 1070 அல்லது மாவட்ட எண் 1077-ல் கேட்டுவிட்டுப் பகிரலாம். சென்னை மாநகராட்சிப் பகுதிக்கு 1913.

சிட்லபாக்கம் என்ன சொல்லுது?

தன்னார்வலர்களின் உழைப்பு நிலைச்சு நின்றதற்குப் புறநகரிலேயே ஒரு உதாரணம் இருக்கு. சிட்லபாக்கம் ஏரி. ஆக்கிரமிப்பால் ஏறக்குறைய பாதியாகச் சுருங்கி, கழிவுநீரும் குப்பையும் சேர்ந்த ஏரி அது.

2019 கோடையில் சென்னையின் குடிநீர் ஏரிகள் வறண்டன. அப்போ சிட்லபாக்கம் ரைசிங் என்ற குடியிருப்பாளர் அமைப்பும் பகுதி மக்களும் மண்வெட்டியோடு ஏரிக்குள் இறங்கினாங்க. கையால் தோண்டி ஒரு ஏரியை மீட்க முடியாதுன்னு அவங்களுக்கும் தெரியும். ஆனா அந்தக் காட்சி செய்தி ஆனது. மனுக்களும் கூட்டங்களும் ஏற்கெனவே நடந்துகொண்டிருந்தன. அதே ஆண்டில் ஏரியைச் சீரமைக்க 25 கோடி ரூபாயை அரசு அறிவித்தது.

கவனிக்க வேண்டியது இதைத்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை அள்ளிய மண் சில டன் இருக்கலாம். அந்த ஞாயிறு ஒரு கோரிக்கையாக மாறியதால்தான் கோடிகள் வந்தன.

இந்தக் கதை முழு இனிப்பும் இல்லை. ஏரி எல்லைக்குள் பல ஆண்டுகளாக வசித்த குடும்பங்களை அகற்றும் நடவடிக்கை எதிர்ப்பைச் சந்தித்தது. ஏரியை மீட்கணும் என்பவர்களும் 'எங்க வீட்டுக்கு என்ன வழி?' என்று கேட்டவர்களும் ஒரே ஊர்க்காரர்கள்தான். பொதுப்பணி என்று இறங்கும்போது அதன் விலையை யார் கொடுக்கிறார்கள் என்பதையும் சேர்த்துப் பேசத்தான் வேண்டும்.

கோரிக்கையை எங்கே வைப்பது?

வழிகள் ஏற்கெனவே இருக்கு. நம்மில் பலர் பயன்படுத்துவது இல்லை.

• பகுதி சபை: மாநகராட்சி, நகராட்சி வார்டுகளில் மக்கள் நேரடியாகப் பேசும் கூட்டம். 2022 நவம்பர் 1 அன்று தாம்பரம் மாநகராட்சியின் பம்மலில் நடந்த கூட்டத்தில் முதலமைச்சர் மு.க.ஸ்டாலினே கலந்துகொண்டார்.

• கிராம சபை: முடிச்சூர் மாதிரி ஊராட்சிப் பகுதிகளுக்கு. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு முறை. மழைக்கு முன் வடிகால் தூர்வாரணும்னா ஆகஸ்ட் 15 கூட்டத்திலேயே தீர்மானம் கேட்கணும். நவம்பர் 1 வரும்போது தண்ணீர் வாசலுக்கு வந்திருக்கும்.

• தகவல் உரிமைச் சட்டம்: 10 ரூபாய் கட்டணம், 30 நாளில் பதில். 'எங்க தெரு வடிகாலுக்கு எவ்வளவு ஒதுக்கினீங்க, எப்போ முடியும்?' என்று ஒரு மனு போடலாம்.

• நமக்கு நாமே திட்டம்: மக்கள் பங்களிப்போடு அரசு நிதி சேர்ந்து உள்ளூர் வேலைகளைச் செய்யும் திட்டம். பத்து சங்கங்கள் தனித்தனியாக வசூல் பண்ணுவதை விட, சேர்ந்து இந்த வழியில் போனால் அதே பணம் பெரிய வேலையாகும்.

பணம் கொடுப்பவர் எதைப் பார்க்கணும்?

க்யூஆர் கோடு யார் பெயரில் இருக்குன்னு முதலில் பாருங்க. அமைப்பின் பெயர் ஒன்று, கணக்கு தனிநபர் பெயரில் என்றால் கேள்வி கேட்பதில் தப்பே இல்லை. பதிவு செய்த அமைப்பா, ரசீது தருமா, போன முறை வசூலித்த பணத்துக்குக் கணக்கு வெளியிட்டதா?

80ஜி என்று பரவலாக அறியப்படும் வரிச்சலுகை வேண்டுமென்றால் அமைப்புக்கு அந்த அங்கீகாரம் இருக்கணும். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் சலுகை கிடையாது. புதிய வரி முறையைத் தேர்வு செய்தவர்களுக்கும் இந்தச் சலுகை இல்லை. எந்த அமைப்பை நம்புவதுன்னு குழப்பம் என்றால் முதலமைச்சரின் பொது நிவாரண நிதி இருக்கு.

களத்தில் இறங்குபவர் எதைப் பார்க்கணும்?

• வண்டி எடுக்கும் முன் அந்தத் தெருவில் வசிக்கும் ஒருவரிடம் பேசுங்க. எத்தனை வீடு, எத்தனை முதியவர், எந்தப் பொருள் என்று பட்டியல் வாங்குங்க.

• சமைத்த உணவு என்றால் சீக்கிரம் கெடாத புளிசாதம், எலுமிச்சை சாதம் நல்லது. சமைத்த நேரத்தைப் பொட்டலத்தில் எழுதுங்க.

• மருந்தை டாக்டர் சீட்டு இல்லாமல் கொடுக்காதீங்க.

• வெள்ள நீரில் எலிக்காய்ச்சல் கிருமி இருக்கலாம். காலில் காயத்தோடு இறங்க வேண்டாம். மின்கம்பம், டிரான்ஸ்ஃபார்மர் பக்கம் போகவே வேண்டாம்.

• படகு, கயிறு, மீட்பு வேலையைப் பயிற்சி பெற்றவர்களிடம் விடுங்க. ஆர்வம் இருந்தால் தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையத்தின் 'ஆப்த மித்ரா' பயிற்சி பற்றி மாவட்ட நிர்வாகத்திடம் கேட்கலாம்.

கடைசியாக ஒன்று

பொட்டலம் கொடுக்கப் போகும்போது கூடவே ஒரு நோட்டுப் புத்தகமும் கொண்டு போங்க. எந்தத் தெருவில் எத்தனை அடி தண்ணீர், எத்தனை மணிக்கு ஏறியது, எப்போது வடிஞ்சது, எந்த வடிகால் அடைச்சிருந்தது என்று குறிச்சு, தேதியோடு போட்டோ எடுத்து வையுங்க. பொட்டலம் அன்று இரவுப் பசியைத் தீர்க்கும். அந்தக் குறிப்பு அடுத்த ஆகஸ்ட் 15 கூட்டத்தில் அதிகாரியின் மேஜைக்குப் போகும். 'இங்கே தண்ணியே நிக்காதுங்க' என்று யாரும் அப்போது சொல்லித் தப்பிக்க முடியாது.