கூட்டம் யாருக்குச் சொந்தம்?

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஷிப்டு விட்டதும் கைபேசிகள் வெளியே வருகின்றன. ஆவடி ரயிலிலும் பூந்தமல்லி பஸ்ஸிலும் இதே காட்சிதான். லேத்துப் பட்டறை வாலிபர்கள் தாங்களே ஒரு நிமிட வீடியோ எடுத்து வெளியிடுகிறார்கள். பார்வையாளர் பெருக வேண்டுமென்று இரவெல்லாம் கண்விழிக்கிறார்கள். இதைப் பரிகசிப்போருடன் நாம் சேரமாட்டோம். உழைப்பாளி வாய் திறப்பதை வரவேற்கிறோம்.

ஆனால் கணக்கைப் பாருங்கள். யூடியூப் ஷார்ட்ஸ் வீடியோக்களைக் கொண்டே விளம்பரப் பங்கு பெற 1000 சந்தாதாரர்களும், 90 நாட்களில் 1 கோடி பார்வைகளும் வேண்டும். அதுவரை விளம்பரப் பங்கில் சல்லிக்காசு கிடையாது! எட்டியவருக்கும் அவர் கணக்கில் ஒதுக்கப்படுவதில் நூற்றுக்கு 45தான்.

சேர்த்த கூட்டமாவது சொந்தமா? 2020 ஜூன் 29 அன்று மத்திய சர்க்கார் டிக்டாக்கைத் தடை செய்தது. பாடுபட்டுச் சேர்த்த பார்வையாளர்கள் ஒரே உத்தரவில் போயினர். ஜூலையில் இன்ஸ்டாகிராம் ரீல்ஸும், செப்டம்பரில் யூடியூப் ஷார்ட்ஸும் கடை விரித்தன. சீன முதலாளி போய் அமெரிக்க முதலாளி வந்தான். வீடியோ எடுத்தவன் மறுபடி ஒன்றிலிருந்து எண்ணத் தொடங்கினான். கணக்கை முடக்குமுன் நோட்டீசும் காரணமும் தரும்படி கம்பெனிகளைக் கட்டாயப்படுத்தும் சட்டம் வேண்டுமென்று கோருகிறோம்.

நமது சங்கங்களும் இந்த மேடையில் ஏறட்டும். சம்பள பாக்கி, இஎஸ்ஐ, காண்ட்ராக்ட் கொடுமை — எதுவானாலும் முதல் மூன்று விநாடியிலேயே விஷயத்துக்கு வரவேண்டும். (வாழ்த்துரைக்கே பத்து நிமிடம் எடுக்கும் நமது பேச்சாளர்களுக்குச் சிரமம்தான்!) ஒவ்வொரு வீடியோவிலும் சங்க அலுவலக விலாசமும் கூட்ட நாளும் இருக்கட்டும். பார்த்துவிட்டு நேரில் வருகிறவரின் பெயரைச் சங்கப் பதிவேட்டில் எழுதி, சந்தா ரசீதை அன்றே கொடுத்துவிடுங்கள், தோழர்களே.