நாடாவைப் பூட்டிவைத்துத் தொழுவோர்

காந்த நாடாவைப் பெட்டியிலிட்டுப் பூட்டி, மேலே ஆண்டும் பெயரும் எழுதி ஒட்டிவிட்டால் கடமை தீர்ந்ததென்று கருதுவோர் பலருளர். சாத்திய கதவுக்கு வெளியே நின்று சிலையைத் தொழுவோருக்கும் இவர்களுக்கும் யாம் வேற்றுமை காண்கிலோம்.

நாடாவின்மேற் காந்தத் துகளைப் பிடித்து வைத்திருப்பது ஒருவகைப் பசை. 1970, 1980-களிற் செய்த நாடாக்கள் பலவற்றில் அப்பசை காற்றின் ஈரத்தை உறிஞ்சிச் சிதைகின்றது. அதனை அவசரப்பட்டு ஓட்டினால் பொறியில் ஒட்டிக்கொண்டு கிறீச்சிடும். துகளோடு செய்தியும் உரிந்துபோம். ஏறக்குறைய 50 பாகை செல்சியஸ் மிதவெப்பத்திற் பல மணி நேரம் வைத்தெடுத்தால், சில வாரங்களுக்கு மீண்டும் ஓடும். அதற்குள் படியெடுத்தாக வேண்டும். எல்லா நாடாவுக்கும் இம்மருந்து ஆகாது. பழைய அசிட்டேட் நாடாவுக்கு வெப்பமே பகை. நமது நாட்டுப் புழுக்கத்திலே பாட்டும் பேச்சும் பதிந்த நாடாக்களை அலமாரியில் வைத்திருக்கும் அன்பர்கள் கவனிப்பார்களாக!

நாடா பிழைத்தாலும் படிக்கும் பொறி வேண்டுமன்றோ? 1966, 1967-இல் அமெரிக்காவின் நாசா அனுப்பிய ஐந்து லூனார் ஆர்பிட்டர் கலங்கள் சந்திரனைப் படமெடுத்தன. அப்படங்கள் இரண்டங்குல அகல நாடாக்களிற் பதிவாயின. அவற்றைப் படிக்கவல்ல ஆம்பெக்ஸ் எப்.ஆர்.900 பொறிகளோ வழக்கொழிந்தன. நாடாக்களை ஒழித்துவிடலாமா என்ற பேச்சு எழுந்தபோது, அவற்றின் பொறுப்பிலிருந்த நான்சி எவன்ஸ் அம்மையார் இணங்கவில்லை. பொறிகளையும் தேடிப் பெற்றார். பொருளுதவி கிட்டாமையால் தம் வீட்டு வண்டிக் கொட்டகையிலே ஆண்டுக்கணக்காய்க் காத்தார். 2008-இல் கலிபோர்னியாவிலுள்ள ஏம்ஸ் ஆய்வு நிலையத்திலே, மூடிக்கிடந்த உணவுக்கடையொன்றில் அப்பொறிகள் செப்பனிடப்பட்டன. 1966 ஆகஸ்டு 23-இல் எடுத்த, சந்திரனுக்கப்பால் தோன்றும் பூமியின் படம் முன்காணாத தெளிவுடன் வெளிவந்தது. உணவுக்கடையிலே!

அந்த நாசாவே, 1969-இல் சந்திரனில் மனிதன் முதன்முதல் நடந்த காட்சியின் மூல நாடாக்களை அழித்து மறுபடி உபயோகித்துவிட்டதாகவே தெரிகிறதென்று 2009-இல் ஒப்புக்கொண்டது. நாடாப் பஞ்சமாம்! ஆளைச் சந்திரனுக்கு அனுப்பப் பணமிருந்தது. நாடா வாங்க இல்லாமற் போயிற்றா? இதனைச் சிக்கனமென்போரும் உளர். விதைநெல்லை அவித்துண்பதும் சிக்கனந்தான்.

ஆவணங் காக்கும் பெரியோர்களைக் கேட்கின்றோம்: உங்கள் அலமாரியிலுள்ள நாடாவைப் படிக்கும் பொறி எங்கே இருக்கிறது? அதைப் பழுதுபார்க்கத் தெரிந்த கிழவர் இன்னும் உயிரோடிருக்கிறாரா?