கடதாசியைச் சுடுவது பற்றி

ரொறன்ரோவில் இருக்கும் என் தங்கையின் இளைய மகன் சென்ற ஆண்டு ஒரு றைபிள் வாங்கினான். கனடாவின் சட்டப்படி பாதுகாப்பு வகுப்புக்குப் போய், பரீட்சையில் தேறி, அனுமதிப்பத்திரத்துக்கு மாதக்கணக்கில் காத்திருந்து வாங்கியது. கடையில் அட்டைப்பெட்டியோடு கிடைக்கும் சாதாரணத் தொழிற்சாலைத் துவக்கு; .308 ரகம், ஸ்கோப்பும் சேர்த்து ஆயிரம் டொலருக்குள் முடிந்ததாம். (நிறுவனத்தின் பெயர் வேண்டாம். விளம்பரம் செய்ய எனக்கு எவரும் கூலி தரவில்லை.) ஆயிரம் யார் தொலைவில் நிற்கும் கடதாசி இலக்கைச் சுடப் பழகப்போகிறான்.

செய்தி கரடியனாற்றை எட்டிய நாளிலிருந்து தங்கை அவனோடு பேசுவதில்லை. அவளுடைய மூத்தவனை 2006 இல் துவக்கோடு வந்தவர்கள் கூட்டிக்கொண்டு போனார்கள். அப்போது அவனுக்குப் பதினாறு வயது. திரும்பி வரவில்லை. வந்தவர்கள் யார் என்பதை இங்கே எழுதப்போவதில்லை.

இந்த விவகாரத்தில் நான் மருமகனின் பக்கம். ஏன் என்று சொல்லத்தான் இக்கட்டுரை.

முதலில் இலகுவான எதிரிகளை முடித்துவிடுகிறேன். அவன் போகும் சுடுதிடலில் காசுக்காரர் சிலர் இருக்கிறார்கள், நம்மவர்களும் உண்டு. "இந்த மலிவுச் சாமானை வைத்துக்கொண்டு ஆயிரம் யாரா? ஐயாயிரம் டொலர் போடு, பிறகு வா" என்று சொல்லியிருக்கிறார்கள். பையன் மனமுடைந்து கடன் அட்டையைத் தேடத் தொடங்கிவிட்டான். நான் கலைப்பட்டதாரி, கணக்கில் புலியல்ல. இருந்தாலும் இந்தக் கணக்கு அரிச்சுவடி. ஒரு பாகைக்கு அறுபது கோண நிமிடம். ஒரு நிமிடம் என்பது 100 யாரில் ஏறக்குறைய ஓர் அங்குலம், 1,000 யாரில் பத்தரை அங்குலம். இன்றைய மலிவுத் துவக்கு நல்ல ரவை போட்டால் ஒன்று அல்லது ஒன்றரை நிமிட வட்டத்துக்குள் சுடும். விலையுயர்ந்தது அரை நிமிடத்துக்குள். ஆக, ஆயிரம் யாரில் ஒன்றின் வட்டம் 15 அங்குலம், மற்றதன் வட்டம் 5 அங்குலம். நடுவிலிருந்து பார்த்தால் ஐந்து அங்குல வித்தியாசம். இனிக் காற்றைப் பாருங்கள். மணிக்கு 10 மைல் குறுக்குக்காற்று .308 ரவையை அத்தூரத்தில் எட்டடிக்கு மேல் தள்ளும். காற்றை மூன்று மைல் பிழையாக மதித்தால் முப்பது அங்குலம் போயிற்று. ஐந்து அங்குலத்துக்கு நாலாயிரம் டொலர் கேட்பவர்கள் முப்பது அங்குலத்தைப் பற்றி வாயே திறப்பதில்லை. காற்றைப் படிக்கும் கண் கடையில் விற்பனைக்கு இல்லை.

1860 இல் விம்பிள்டனில் பிரித்தானியத் தேசிய றைபிள் சங்கத்தின் முதற் போட்டியை விக்டோரியா மகாராணி தொடக்கிவைத்தார். துவக்கைத் தாங்கியில் அசையாமல் பூட்டிக் குறிபார்த்து வைத்துவிட்டார்கள். அம்மையார் பட்டுக்கயிற்றை இழுத்தார். 400 யாரில் குறி நடுவுக்கு மிக அருகே பட்டது. காசைக் கொட்டினால் குறி வரும் என்று நம்பும் நமது கனவான்களும் அந்தப் பட்டுக்கயிற்றைத்தான் தேடுகிறார்கள்.

மலிவுத் துவக்கில் குறை இல்லையா? உண்டு. பிளாஸ்ரிக் கட்டை வளையும். முன்பகுதி குழலில் முட்டினால் குறி நகரும். உப்புத்தாளால் தேய்த்து இடைவெளி விட்டால் தீர்ந்தது. 100 யாருக்குச் சரிசெய்த துவக்கின் ரவை 1,000 யாரில் முப்பது அடிக்கு மேல் விழுந்துவிடுவதால், ஸ்கோப்பின் கீழே இருபது நிமிடச் சரிவுள்ள தாங்கி வைக்க வேண்டும். இல்லாவிட்டால் திருகி ஏற்ற இடம் போதாது. இவையெல்லாம் சில்லறைச் செலவு. பெரிய செலவு ரவை. நல்ல ரவை ஒன்று இரண்டு மூன்று டொலர். .308 குழல் தேய்ந்துபோக ஐயாயிரம் வெடி வரை செல்லும். அதற்குள் பத்தாயிரம் டொலருக்கு மேல் ரவையே தின்றிருக்கும். ஆகவே மிச்சக் காசைப் பெட்டி பெட்டியாக ரவையில் போடு, முதலில் ஒரு .22 கொண்டு 200 யாரில் காற்றைப் படி, வீட்டில் ரவையில்லாமல் விசையை இழுத்துப் பழகு என்றேன். அங்குள்ள அனுபவசாலிகளும் அதையே சொன்னார்களாம்.

எங்கள் அப்பப்பா கரடியனாற்று வட்டையில் பரணில் காவலிருந்தவர். கச்சேரி அனுமதியோடு ஒரு ஒற்றைக்குழல் சன்னத் துவக்கு. தோட்டா எண்ணித்தான் கிடைக்கும். ஒன்று பிழைத்தால் அன்றிரவு பன்றிக்குக் கொண்டாட்டம். கச்சான் எந்தப் பக்கம் அடிக்கிறது என்று தீனாவின் புகையைப் பார்த்துத்தான் உட்காருவார். மருமகன் இன்று ஸ்கோப்புக்குள் கானல் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்த்துக் காற்றை மதிக்கிறான். அந்தத் துவக்கு எண்பதுகளில் ஓர் இரவு வீட்டை விட்டுப் போனது. அதன் பிறகு படுவான்கரையில் துவக்கு என்றால் ஒரே அர்த்தந்தான்.

இரண்டாவது எதிரி மருமகனே. துவக்கு வாங்கிய வாரமே உருமறைப்புச் சட்டை போட்டு, முகத்தில் கோடிழுத்து, ஸ்னைப்பர் மாதிரிப் படுத்திருந்து படம் எடுத்துப் பரப்பியிருந்தான். கீழே வாழ்த்துச் சொன்னவர்கள் எல்லோரும் ஒரு வெடிச்சத்தமும் கேளாமல் வளர்ந்த பிள்ளைகள். எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி மாளாது. "சட்டையைக் கழட்டு, பிறகு கதைப்பம்" என்றேன். "சும்மா பகிடிக்கு மாமா" என்றான். அண்ணன் போன வீட்டில் இது பகிடியா? சென்னையில் பிறந்த ககன் நரங் 2012 லண்டன் ஒலிம்பிக்கில் வெண்கலம் வென்றபோதும், கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் 2019 இல் உலகக் கோப்பை இறுதிப்போட்டியில் தங்கம் வென்றபோதும் நாம் எல்லோரும் கைதட்டினோம். அவர்கள் சுட்டது பத்து மீற்றரில், காற்றழுத்தத் துவக்கால். போர்வீரன் போல வேடம் கட்டியா நின்றார்கள்? படத்தை அழித்துவிட்டான். சட்டையை வைத்திருக்கிறானோ தெரியாது.

இனித் தங்கை. சண்டை முடிந்த மறு ஆண்டு, 2010 செப்டெம்பர் 17 அன்று, கரடியனாறு பொலிஸ் நிலைய வளவில் வீதி வேலைக்கென்று வைத்திருந்த வெடிமருந்து வெடித்து இருபதுக்கும் மேற்பட்டோர் செத்துப்போன ஊர் அது. யுத்தமில்லாத காலத்திலும் வெடி வந்து ஆளைக் கொண்டுபோகும் என்று கண்டவளிடம் போய் விளையாட்டு என்றேன். கேட்டுக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னாள்: "அவனுகளும் முதல்ல கடதாசியிலதான் பழக்கினானுகள் அண்ண."

உண்மை. இதை மறைத்து வாதாட நான் ஆயத்தமில்லை. 1859 இல் அந்த றைபிள் சங்கத்தைத் தொடங்கியதே பிரான்ஸ் படையெடுக்கும் என்ற அச்சத்தில்தான். காற்றுக் கணக்கும் வீழ்ச்சிக் கணக்கும் படைக்கும் விளையாட்டுக்கும் ஒன்றே. ஆனால் அங்கே கடதாசி ஒரு தொடக்கம். அதன் பிறகு மனிதன். இங்கே கடதாசியோடு முடிந்தது. சுட்டவன் எழுந்து, போல்ட்டைத் திறந்து, வெறுமையைக் காட்டி, ஓட்டைகளை எண்ணிக் குறிப்புப் புத்தகத்தில் எழுதிவிட்டுப் போகிறான். துவக்கை வீட்டில் பூட்டி வைக்கிறான். துவக்கைத் தொட்ட பிள்ளைகள் எல்லோரும் ஒரே முடிவுக்குத்தான் போவார்கள் என்று நாம் ஏற்றுக்கொண்டால், 2006 இல் வந்தவர்கள் சொன்னதையல்லவா ஏற்றுக்கொள்கிறோம்? அவர்களும் நம் பிள்ளைகளின் கை வேறெதற்கும் உதவாது என்றுதான் சொன்னார்கள்.

இதை அவளிடம் சொன்னேன். சமாதானமாகவில்லை. சமாதானமாகு என்று கேட்கும் உரிமையும் எனக்கில்லை.

சென்ற மாதம் அவன் தான் சுட்ட இலக்கின் படத்தை எனக்கு அனுப்பினான். 600 யார், பத்து வெடி. எட்டு ஓட்டை ஒரு சாப்பாட்டுக் கோப்பைக்குள் அடங்கும், இரண்டு காற்றோடு போயிருந்தன. ஊருக்குப் போன சமயம் தங்கைக்குக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தாள்.

"கடதாசிக்குப் பின்னால என்ன இருக்கு?"

"மண் அணை. இருபது முப்பதடி உயரம்."

"அதுக்குப் பின்னால ஆக்கள் போறல்லையா?"

போவதில்லை, சிவப்புக்கொடி ஏற்றித்தான் சுடுவார்கள் என்றேன். தொலைபேசியைத் திருப்பித் தந்துவிட்டு மாட்டுக்குத் தண்ணீர் வைக்கப் போனாள். அவனோடு இன்னும் பேசவில்லை.