கிரேனின் காலடி

சின்ன காஞ்சிபுரத்தில் வைகாசிப் பிரம்மோற்சவத்தின்போது ஸ்ரீ வரதராஜப் பெருமாளின் தேர் அசைந்து வருவதைக் கண்டவர்கள் சன்னக்கட்டையின் மகிமையை அறிவார்கள். வடம் பிடிப்போர் ஆயிரவராயினும், சக்கரத்தடியில் கட்டை போடுகிறவன் கண்ணயர்ந்தால் அனர்த்தமே. இவ்வளவு அறிந்த ஜனங்கள், திருவிழாவுக்குக் கிரேனை வாடகைக்குப் பிடிக்கையில், அதன் காலடியில் என்ன இடுகிறார்கள் என்று கேட்பதில்லையே!

2023 ஜனவரி 22-ஆம் தேதி இரவு, ராணிப்பேட்டை ஜில்லா நெமிலியை அடுத்த கீழ்வீதியில், மயிலேறு திருவிழாவில் கிரேன் சாய்ந்து நால்வர் மாண்டனர். குற்றம் யாருடையது என்று தீர்மானிப்பது கோர்ட்டாரின் வேலை. மனிதரை அதில் தொங்கவிடுவது ஒருக்காலும் தகாது என்பது ஒருபுறமிருக்க, கிரேன் சாயாமல் நிற்க வழி என்னவென்று அறிவது நம் அனைவரின் கடமை.

கிரேன் பக்கவாட்டில் நான்கு கால்களை நீட்டி ஊன்றுகிறது. ஆனால் சுமை ஒருபுறம் திரும்பும்போது, அப்புறத்துக் கால் ஒன்றிலேயே பெரும்பாரம் இறங்கும். அது 20 டன் என்று கொள்வோம். பாதம் 30 சென்டிமீட்டர் சதுரமானால், மண்ணின்மேல் சதுர மீட்டருக்கு 220 டன்னுக்கு மேல் அழுத்தம் விழும். ஈரக் களிமண் 10 டன் தாங்கினாலே பெரிது. ஆகவே, அங்கே 2 சதுர மீட்டருக்குக் குறையாத தாங்கு பலகை வேண்டும். பரப்பு மட்டும் போதாது, கனமும் வேண்டும். மெல்லிய பலகை வளைந்தால் நடுப்பகுதி மட்டுமே பாரம் ஏற்று அமிழும். பாதம் பலகையின் மத்தியில் நிற்க வேண்டும். சாக்கடை மூடி, புதிதாய்த் தூர்த்த பள்ளம், குளக்கரை ஓரம் ஆகியவை ஆகா. மழை பெய்தால் மீண்டும் சோதிக்க வேண்டும். கைக்கு அகப்பட்ட செங்கல்லை அடுக்குவது உயிரோடு ஆடும் சூதாட்டம்.

சுயராஜ்யம் வந்த மறு வருஷமே, 1948-ல், நாம் இயற்றிய தொழிற்சாலைச் சட்டம் பாரந்தூக்கிகளை ஆண்டுக்கொரு முறையாவது சோதிக்க வேண்டுமென விதித்தது. யந்திரம் பழுதற்றிருந்தும் மண் கைவிட்டால் என்ன பயன்?

கோயில் தர்மகர்த்தாக்களுக்கும் பஞ்சாயத்தாருக்கும் நாம் சொல்வது இதுவே: காலில் இறங்கும் பாரம், மண் தாங்கும் அளவு, பலகையின் பரப்பு ஆகிய மூன்றையும் எழுத்தில் பெறாமல் கிரேனை உள்ளே விடாதீர்கள். அந்நியன் ஆண்டபோது பழியை அவன்மேல் போட்டோம். இனி யார்மேல் போடுவது?