எழுத்தை உடைக்காத குழாய் வேண்டும்

ஈஜிபுராவில் என் தெருக் கடையில் ஒருவர் கன்னடத்தில் கேட்பார், ஒருவர் தமிழில் விலை சொல்வார், இன்னொருவர் தெலுங்கில் பேரம் பேசுவார், வணிகம் நிற்பதில்லை. என் கணினிக்குள் அந்த இணக்கம் வாய்க்கவில்லை.

ஆய்வேட்டுக்கான சொற்பிரிப்பு நிரல் பைத்தானில். உருபன்களைப் பகுக்கும் தமிழிமார்ஃப் ஃபோமாவில். புள்ளியியல் ஆர் மொழியில். மூன்றையும் தற்காலிகக் கோப்புகளால் இணைத்திருந்தேன். எழுதி முடியாத கோப்பை அடுத்த நிரல் படித்துவிட்டது. பிழையான அட்டவணையோடு நெறியாளர் முன் நின்ற பிறகே அதை உணர்ந்தேன்.

தீர்வு புதியதன்று. டக் மெக்கில்ராய் வலியுறுத்தியதன் பேரில் கென் தாம்சன் 1973இல் யூனிக்சில் குழாயைச் சேர்த்தார். பின்னர், குழாய்க்கு ஒரு பெயரிட்டுக் கோப்பைப் போலவே திறக்கும் வசதியும் வந்தது. ஒரு நிரல் எழுத, மற்றொன்று படிக்கும். குழாயில் தரவு வரும்வரை படிப்பது காத்திருக்கும். பைத்தானிலும் ஆர் மொழியிலும் இதற்கு வழியுண்டு.

முத்தையா அண்ணாமலை உருவாக்கிய எழில் போன்ற தமிழ் நிரல்மொழிகளில் பெயரிட்ட குழாய் முதன்மை வசதியாக இடம்பெற வேண்டும் என்பது என் கருத்து. 'பதிப்பி' என்று தமிழில் எழுதிக் கற்கும் மாணவரின் நிரல், பிற கருவிகளோடு பேசாவிடின் வகுப்பறையைத் தாண்டாது. இருக்கும் கருவிகளையெல்லாம் மீண்டும் எழுதுவதும் இயலாது. சாக்கெட்டு போதுமே என்பர் சிலர். முகவரியும் துறை எண்ணும் கற்பிப்பதைவிட, 'இந்தப் பெயரைத் திற' என்பது தொடக்க மாணவருக்கு எளிது.

எனினும், இயங்குதளத்தின் அழைப்பை அப்படியே எடுத்துக் கொடுத்தால் போதாது. குழாய் அறிவது பைட்டுகளை, எழுத்துகளை அன்று. யூடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறியும் 3 பைட்டு. 'கொ' இரு குறிகள், 6 பைட்டு. படிக்கும் துண்டு இடையில் முடிந்தால் 'க' ஒருபுறமும் துணைக்குறி மறுபுறமும் நிற்கும். பகுப்பாய்விக்கு அது வேறு சொல். லினக்சில் பல நிரல்கள் ஒரே குழாயில் எழுதும்போது, 4096 பைட்டு வரையுள்ள செய்தி மட்டுமே பிறவற்றோடு கலவாது என்ற உறுதி உண்டு. ஆங்கிலத்துக்கு அது 4096 எழுத்து. தமிழுக்கு 1365 குறிகளே.

ஆகவே முழு எழுத்தாகவும் முழு வரியாகவும் ஒப்படைக்கும் பொறுப்பை நிரல்மொழியே ஏற்க வேண்டும். தமிழில் நிரல் எழுதுபவர் பைட்டு எண்ணிக்கொண்டிருக்க நேர்ந்தால், கட்டளைச் சொற்களை மட்டும் தமிழாக்கி என்ன பயன்?