நாண் ஏற்றும் நேரம்

கோடை விடுமுறையில் எங்கள் எடப்பாடித் தெருக்களில் பிள்ளைகள் மூங்கில் வில்லோடு திரிவார்கள். அம்பு பட்டுவிடுமே என்றுதான் பெரியவர்கள் அதட்டுகிறோம். என்னைக் கேட்டால், நாண் ஏற்றும் நேரமே பெரிய ஆபத்து. வில் ஒடிந்தால் சிராய் கண்ணில் பாயும். கம்பன் சொல்லும் சிவதனுசுகூட நாணேற்ற எடுத்தபோதுதான் ஒடிந்தது. பிரெஞ்சுப் பள்ளியில் நான் படித்த கிரேக்கக் கதையில், இருபது ஆண்டு கழித்து வீடு திரும்பிய உலிஸ், தன் வில்லைப் பூச்சி அரித்திருக்கிறதா என்று திருப்பித் திருப்பிப் பார்த்த பிறகே நாண் ஏற்றினான். நாமும் முதலில் விரிசல் பார்ப்போம். காலிடுக்கில் கொடுத்து வளைத்தால் வில் முறுக்கிக்கொள்ளும். இரு முனையிலும் ஒரு கயிற்றை மாட்டி, கயிற்றின் நடுவை மிதித்து, வில்லின் நடுவை மேலே தூக்கி, நாணை மாட்டுவதே நல்லது. முகம் விலகியிருக்கட்டும். அம்பில்லாமல் நாணை இழுத்து விட்டால், அந்த விசை வில்லையே உடைக்கும். பிள்ளைகளிடமிருந்து வில்லைப் பிடுங்காதீர்கள். நாணை மட்டும் நீங்களே ஏற்றிக் கொடுங்கள்.