உப்பை வாரு, தலையை வாரு

"நிரலியலைத் தமிழில் கற்பிக்க இயலாது, அதற்கு நம்மிடம் சொல் ஏது?" என்று பட்டம் பெற்ற தமிழர் சிலரே வாய்கூசாமல் பேசித் திரிகின்றனர். அன்னார்க்குக் கூனிமேட்டுக் கடற்கரையினின்று விடையிறுப்போம்.

கூனிமேட்டுக்கு வடக்கே மரக்காணத்து உப்பளங்கள். அங்கே ஓர் உழைப்பாளியிடம் 'உப்பை வாரு' என்றால், நீண்ட கழியில் பொருத்திய பலகையால் பாத்தியில் விளைந்த உப்பை இழுத்துச் சேர்ப்பார். மாலையில் அவர் வீட்டில் 'தலையை வாரு' என்று தாய் சொன்னால், மகள் பலகையைத் தேடுவதில்லை, சீப்பை எடுக்கிறாள். ஏவற்சொல் ஒன்றே, ஏற்கும் பொருளின் வகைக்கேற்பச் செயல் வேறு. 'பசியை வாரு' என்றாலோ நகைப்பாள்.

'எண்ணு' என்பது அப்படியன்று. மூட்டையாயினும் ஆளாயினும் எண்ணுஞ் செயல் ஒன்றே. இவ்விருவகையையும் பிரித்துப் பெயரிட்டவர் ஆங்கிலேயக் கணிப்பொறி அறிஞர் கிறித்தோபர் இசுட்ரேச்சி, ஆண்டு 1967. முழுவெண்ணைக் கூட்டும் முறை வேறு, பதின்மப் புள்ளியெண்ணைக் கூட்டும் முறை வேறு. பொறிக்குள் அவை வெவ்வேறாக உறைகின்றன. எனினும் குறி ஒன்றே. கூட்டற்குறி 'வாரு' போன்றது. பட்டியலின் நீளங் காணுஞ் சார்பு 'எண்ணு' போன்றது.

சார்பு நிரலியலில் இச்சிக்கலுக்கு ஒழுங்கான தீர்வை 1989இல் பிலிப்பு வாட்லரும் இசுட்டீபன் பிளாட்டும் வெளியிட்டனர். 'வாரத்தக்கவை' என ஓரினம் வகுத்துக்கொள்க. உப்புக்கு இச்செயல், தலைமுடிக்கு இச்செயல் என்று தனித்தனியே எழுதுக. நாளை நெல் வந்து சேர்ந்தால் பழைய நிரலில் கைவைக்க வேண்டா. நெல்லுக்குரியதை மட்டும் சேர்த்தாற் போதும். இனத்திற் சேராத பசியை வாரச் சொன்னால், நிரல் ஓடுமுன்னரே தொகுப்பி மறுத்துவிடும். ஆசுக்கெல் என்னும் நிரல்மொழி இவ்வழியில் நடப்பது. இதற்கு 'வகையினம்' என்ற சொல் போதாதா? உப்பளத்தார் மகன் நொடியில் பற்றிக்கொள்ளும் கருத்தை, விளங்கா அயற்சொல்லில் உருப்போடச் செய்து, தேர்வில் தோற்றதும் 'இவனுக்கு அறிவில்லை' என்கின்றனர். அறிவில்லாதவன் அவனா?

நம்மவர்க்கும் ஒரு சொல். இதைக் கேட்டதும் 'தொல்காப்பியத்திலேயே உளது' என்று துள்ளுவோர் உளர். ஈ, தா, கொடு என இரப்போர் நிலைக்கேற்பத் தொல்காப்பியர் வகுத்தது இதன் மறுதலை. அங்கே செயல் ஒன்று, சொல் மூன்று. இரண்டையுங் குழப்பி மார்தட்டுதல் பகைவர்க்கே துணையாகும். முத்து அண்ணாமலை 'எழில்' என்னும் தமிழ் நிரல்மொழியை ஆக்கி, 2009இல் அதுபற்றி ஆய்வுரையும் வெளியிட்டார். மேடைதோறும் பழம்பெருமை பேசிய நாம் அவ்வாண்டுகளில் என்ன ஆக்கினோம்? வகையினத்தைக் கூனிமேட்டுச் சிறுவனுக்கு அவன் சொல்லாலேயே விளக்கும் ஒரு சிறுநூல், நாற்பது பக்கம் போதும், எழுதித் தர உங்களுள் யார் முன்வருகிறீர்?